டேவிட் லிஞ்ச்: எது உச்சம், எது சறுக்கல், எதில் தொடங்குவது?

அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச் எடுத்த முழுநீளப் படங்கள் பத்துதான். 1977இல் வந்த எரேசர்ஹெட் முதல் படம், 2006இல் வந்த இன்லேண்ட் எம்பயர் கடைசிப் படம், இடையில் எட்டு. 2025 ஜனவரியில் அவர் காலமாகிவிட்டார், இனி இந்தப் பட்டியலில் சேர ஒன்றுமில்லை. ஆனாலும் இந்தப் பத்தையும் வரிசைப்படுத்தச் சொன்னால் இரண்டு ரசிகர்கள் ஒரே வரிசையைத் தர மாட்டார்கள். ஒருவர் தலையில் தூக்கிவைக்கும் படத்தை இன்னொருவர் பாதியிலேயே நிறுத்தியிருப்பார். முதலிடத்துக்கும் கடைசி இடத்துக்கும் ஒரே படத்தின் பெயர் அடிபடுவது லிஞ்ச் விஷயத்தில் சர்வசாதாரணம்.

காரணம் ரசனை வேறுபாடு மட்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. ஆளுக்கொரு அளவுகோலை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஒருவருக்கு அவர் படம் ஒரு புதிர், விடை கிடைத்தால் நல்ல படம். இன்னொருவருக்கு அந்த மிரட்டும் சத்தமும் சிவப்புத் திரையும் போதும், கதை எப்படிப் போனாலும் கவலையில்லை. லிஞ்ச் தன் படங்களுக்கு விளக்கம் சொல்ல மறுத்துக்கொண்டே இருந்தவர். மல்ஹாலண்ட் டிரைவ் டிவிடியாக வந்தபோது அதோடு பத்துத் துப்புகள் கொண்ட ஒரு அட்டையை வைத்தார். அதைப் படித்தவர்களிடம் கேள்விகள் கூடினவே தவிரக் குறையவில்லை.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிஞ்ச் படத்தில் விசித்திரம் எப்படியும் இருக்கும். அந்த விசித்திரத்துக்கு அடியில் தாங்க முடியாத வலியோடு ஒரு மனிதர் இருக்கிறாரா என்றுதான் நான் பார்க்கிறேன். இருந்தால், எவ்வளவு குழப்பமான காட்சியும் மனதில் தங்கிவிடுகிறது. இல்லையென்றால் எவ்வளவு அழகாக எடுத்திருந்தாலும் படம் முடிந்ததும் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இப்படி அளந்தால் வழக்கமான வரிசையில் சில படங்கள் மேலே ஏறுகின்றன, விருது வாங்கிய ஒன்று தடாலென்று கீழே விழுகிறது. கதை முடிச்சுகளைத் தொடாமல் இதைப் பேச முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உச்சம் எது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் வரும் பெயர்கள் மூன்று: ப்ளூ வெல்வெட், மல்ஹாலண்ட் டிரைவ், எரேசர்ஹெட். அண்மைக்காலமாக நான்காவதாக ட்வின் பீக்ஸ்: ஃபயர் வாக் வித் மீ படத்தின் பெயரும் சேர்ந்திருக்கிறது.

மல்ஹாலண்ட் டிரைவ் பிறந்த கதையே விசித்திரம். ஏபிசி தொலைக்காட்சிக்கான தொடரின் முதல் பகுதியாக 1999இல் எடுக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது அது. பிறகு பிரான்ஸின் ஸ்டூடியோ கனால் பணம் போட, லிஞ்ச் கூடுதல் காட்சிகள் எடுத்துச் சேர்த்து, 2001இல் முழுப்படமாகக் கான் திரைப்பட விழாவுக்கு வந்து சிறந்த இயக்குநர் விருதை ஜோயல் கோயனுடன் பகிர்ந்துகொண்டார். 2016இல் பிபிசி விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இந்த நூற்றாண்டின் சிறந்த படங்களில் அதுவே முதலிடத்தில் வந்தது. முடிவே இல்லாத தொடருக்காக எடுத்த காட்சிகளுக்கு ஒரு முடிவைக் கண்டுபிடிக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு வந்தது. அந்தக் கட்டாயம்தான் படத்தைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன்.

இதில் ஒரு காட்சியை மட்டும் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். நடிகையாகும் கனவோடு ஹாலிவுட்டுக்கு வந்திருக்கும் பெட்டி (நவோமி வாட்ஸ்), ஆடிஷனுக்கான வசனத்தை வீட்டுச் சமையலறையில் தோழியோடு ஒத்திகை பார்க்கிறாள். கையில் கத்தியை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, கோபமாகப் பேசிவிட்டுச் சிரிக்கிறாள். மட்டமான வசனம், மட்டமான நடிப்பு. அதுவரை படத்தில் அவள் கண்ணை அகல விரித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து, இந்த நடிகைக்கு நடிக்கவே வராதோ என்றுகூட நமக்குத் தோன்றியிருக்கும். அடுத்து ஆடிஷன். அதே வசனம், ஒரு சொல்லும் மாறவில்லை. எதிரே அப்பா வயதில் ஒரு நடிகர். அவள் அவர் பக்கத்தில் நெருங்கி, அவர் கையைத் தன் இடுப்புக்கு இழுத்து, காதோரம் கிசுகிசுக்கிறாள். கோபமாக இருந்த வரிகள் ஆசையாகவும் பயமாகவும் வெறுப்பாகவும் மாறுகின்றன. அறையில் இருப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறார்கள், நாமும்தான்.

முதல்முறை பார்க்கும்போது இது வெறும் நடிப்புச் சாகசம். படத்தின் கடைசிப் பகுதி வந்த பிறகுதான் அது குத்துகிறது. பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட வாசிப்பின்படி, பெட்டி என்ற பெண்ணே வாய்ப்பில்லாமல் தோற்றுப்போன டயான் காணும் கனவு. அப்படியென்றால் அந்த அற்புதமான ஆடிஷன், யாருமே தனக்குத் தராத ஒரு வாய்ப்பை ஒரு பெண் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டது. இதைப் புரிந்துகொள்ள, படத்தில் வரும் நீல டப்பாவும் சாவியும் என்ன என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெட்டியும் தோழியும் போகும் கிளப் சைலன்சியோ என்ற அரங்கின் காட்சியும் இப்படித்தான். இசைக்குழு இல்லை, எல்லாமே பதிவு செய்யப்பட்டது என்று மேடையிலேயே சொல்லிவிடுகிறார்கள். பிறகு ரெபெக்கா டெல் ரியோ வந்து ராய் ஆர்பிசனின் பாட்டை ஸ்பானிய மொழியில் பாடுகிறார், பாதியில் சுருண்டு விழுகிறார், பாட்டு மட்டும் தொடர்கிறது. பொய் என்று தெரிந்த பிறகும் இரண்டு பெண்களும் அழுகிறார்கள். அந்த அழுகையில் எந்தப் பொய்யும் இல்லை.

இதோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியது 1997இல் வந்த லாஸ்ட் ஹைவே. கட்டமைப்பு கிட்டத்தட்ட ஒன்றே: குற்றம் செய்த மனம் இன்னொரு ஆளாக மாறித் தப்பிக்கப் பார்க்கிறது, தப்பிக்க முடியவில்லை. தொழில்நேர்த்தியில் எந்தக் குறையும் சொல்ல முடியாது. பார்ட்டியில் வெளுத்த முகத்தோடு வரும் ஆள், "நான் இப்போது உங்கள் வீட்டில் இருக்கிறேன், போன் செய்து பாருங்கள்" என்று சொல்லும் இடம் ஒன்று போதும், உறக்கம் போய்விடும். ஆனால் பில் புல்மன் நடித்த ஃபிரெட் முழுக்கச் சந்தேகத்தால் ஆன ஆள். அவன் மனைவி அவன் கண்ணில் தெரியும் பிம்பமாகவே இருந்துவிடுகிறாள், அவளுக்கென்று ஒரு வலி படத்தில் இல்லை. அதனால்தான் ஒரே வகைக் கனவில் மல்ஹாலண்ட் டிரைவ் நெஞ்சைப் பிசைகிறது, லாஸ்ட் ஹைவே பயமுறுத்திவிட்டுப் போய்விடுகிறது. புதிர் பிடித்தவர்கள் லாஸ்ட் ஹைவேயை மேலே வைப்பது புரிகிறது. எனக்கு அது ஐந்தாவது இடத்துக்கு மேல் ஏறாது.

ப்ளூ வெல்வெட் (1986) வேறு மாதிரியான பலசாலி. வெள்ளை வேலி, சிவப்பு ரோஜா, கையசைத்தபடி போகும் தீயணைப்பு வண்டி, புல்லுக்குத் தண்ணீர் விடும் மனிதர். திடீரென்று அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விழுகிறார், கேமரா புல்லுக்குள் இறங்கிக்கொண்டே போய் மண்ணில் முண்டியடிக்கும் வண்டுகளில் போய் நிற்கிறது. லிஞ்ச் பிறகு எடுத்த எல்லாவற்றுக்குமான திட்டம் அந்தச் சில நிமிடங்களில் இருக்கிறது. வில்லனாக வரும் டென்னிஸ் ஹாப்பர் முகமூடியில் வாயுவை இழுத்துக்கொண்டு வந்து நிற்பதை இன்று பார்த்தாலும் உடம்பு இறுகுகிறது.

ஆனால் இந்தப் படத்தின் மேல் உள்ள பழைய புகார் ஒன்றைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இதற்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தார். பாடகி டோரதியாக நடித்த இசபெல்லா ரோஸலினியைத் திரையில் அவ்வளவு அவமானத்துக்கு உள்ளாக்கிவிட்டு, படம் அதற்குத் தகுந்த கனத்தோடு நடந்துகொள்ளவில்லை என்பது அவருடைய கோபம். அலமாரிக்குள் ஒளிந்து பார்க்கும் நாயகன் ஜெஃப்ரியையும் அவனோடு சேர்ந்து பார்க்கும் நம்மையும் படம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது என்பது ரசிகர்களின் பதில். அந்தப் பதில் சரியானதுதான். இருந்தாலும் டோரதியின் வலியை நாம் கடைசிவரை அலமாரிக் கதவின் இடுக்கு வழியாகத்தான் பார்க்கிறோம். அவள் பக்கம் போய் நின்று பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடைப்பதில்லை. அதனால் என் வரிசையில் இது மூன்றாவது.

இரண்டாவது எது? ஃபயர் வாக் வித் மீ. பத்துப் படங்களில் இவ்வளவு மதிப்பு மாறிய படம் வேறில்லை. லாரா பாமர் என்ற மாணவியின் கொலையைத் துப்பறியும் லிஞ்சின் ட்வின் பீக்ஸ் தொலைக்காட்சித் தொடரை 1990, 91இல் பார்த்தவர்கள், தொங்கலில் விட்ட கதைக்கு விடை கிடைக்கும் என்று 1992இல் போய் உட்கார்ந்தார்கள். விடை இல்லை. தொடரின் நகைச்சுவை இல்லை, செர்ரி பை பலகாரமும் காபியுமான இதம் இல்லை, எல்லோருக்கும் பிடித்த துப்பறிவாளர் கூப்பர் கொஞ்ச நேரமே வருகிறார். கானில் வரவேற்பு கசந்தது, அமெரிக்காவில் வசூலும் படுத்துவிட்டது. லிஞ்ச் தன் தலையிலேயே கொள்ளி வைத்துக்கொண்டார் என்ற பேச்சு பல வருடம் ஓடியது.

அவர் செய்தது என்னவென்றால், தொடரின் முதல் பகுதியில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய பிணமாக வந்த லாரா பாமருக்கு உயிர் கொடுத்து, அவளுடைய கடைசி நாட்களை அவள் பக்கம் நின்று காட்டினார். சாப்பாட்டு மேஜைக் காட்சி ஒன்று வரும். அப்பா லீலண்ட், சாப்பிடும் முன் கை கழுவினாயா என்று மகளைக் கேட்கிறார். அவள் கையைப் பிடித்து நகத்துக்கு அடியில் அழுக்கு இருக்கிறது என்கிறார். கழுத்துச் சங்கிலியைத் தொட்டு, இதை யார் கொடுத்தது என்று துருவுகிறார். அம்மா வேண்டாம் விடுங்கள் என்று பதறுகிறார். பேயும் பிசாசும் இல்லை, தொடரில் வரும் சிவப்பு அறையும் இல்லை. ஒரு வீடு, ஒரு விளக்கு, மூன்று பேர். அந்த வீட்டில் இரவில் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிந்துவிட்டதால், நகத்தைப் பார்க்கும் அந்த விரல்களைத் தாங்க முடிவதில்லை. லாராவாக நடித்த ஷெரில் லீயின் முகம் அங்கே ஒரு குழந்தையின் முகமாகச் சுருங்குகிறது. குடும்பத்துக்குள் நடக்கும் வன்கொடுமையை இவ்வளவு நேர்மையாக, பாதிக்கப்பட்டவளின் உள்ளிருந்து காட்டிய அமெரிக்கப் படங்கள் மிகக் குறைவு. அமானுஷ்யம் அவளுடைய வலியை மறைக்கவில்லை, சொல்ல முடியாததைச் சொல்ல அது அவளுக்கு ஒரு வழியாகிறது.

குறையும் இருக்கிறது. முதல் அரைமணி நேரம் வேறு ஊரில், வேறு துப்பறிவாளர்களோடு, இழுத்துக்கொண்டு போகிறது. தொடரின் 30 பகுதிகளையும் பார்க்காமல் இதை மட்டும் பார்த்தால் பாதி பிடிபடாது. தனியாக நிற்க முடியாத படத்தை முதலிடத்தில் வைக்க முடியாது என்பதால்தான் மல்ஹாலண்ட் டிரைவுக்கு அடுத்து வைக்கிறேன். அந்த ஒரு காரணம் இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே முடிவெடுக்க எனக்குத் திணறலாகத்தான் இருந்திருக்கும்.

சரி, மோசமானது எது? இங்கே எல்லோரும் கைகாட்டுவது 1984இல் வந்த டியூன் மீது. காரணங்கள் வலுவானவை. தயாரிப்பாளர் டினோ டி லாரன்டிஸ் சுமார் 4 கோடி டாலர் போட்டார், அமெரிக்க வசூல் அதைத் தொடவில்லை. கடைசி எடிட்டிங் உரிமை லிஞ்சிடம் இல்லை. பெரிய நாவலை 137 நிமிடத்தில் திணித்ததில், ஒவ்வொருவரும் மனதுக்குள் நினைப்பதைக் கிசுகிசுப்பாகப் பின்னணியில் சொல்ல வேண்டியதாயிற்று. அப்படியும் புரியாது என்று பயந்து, சில அரங்குகளில் பார்வையாளர்களுக்குச் சொற்பொருள் பட்டியல் அச்சடித்துக் கொடுத்தார்கள். எதையும் விளக்க விரும்பாத ஒரு கலைஞரின் படம் வாய் ஓயாமல் விளக்கிக்கொண்டே இருக்கிறது. பிறகு தொலைக்காட்சிக்காக நீட்டப்பட்ட வடிவத்தில் அவர் தன் பெயரையே எடுத்துவிட்டார்.

ஆனாலும் டியூனைக் கடைசியில் வைக்க எனக்கு ஒப்பவில்லை. அது முழுக்க அவர் படம் இல்லை. அதற்குள்ளேயே கண்ணாடித் தொட்டியில் மிதந்தபடி வந்து மன்னரிடம் பேசும், விண்கலங்களை வழிநடத்தும் விசித்திர உயிரான கில்ட் நாவிகேட்டர் போன்ற, வேறு யாராலும் யோசித்திருக்க முடியாத துண்டுகள் கிடக்கின்றன. இன்னொன்றும் உண்டு. அந்தத் தோல்விக்குப் பிறகு, சின்ன பட்ஜெட்டில், சம்பளத்தையும் குறைத்துக்கொண்டு, கடைசி எடிட்டிங் உரிமையை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு அதே தயாரிப்பாளருக்கு அவர் எடுத்த படம்தான் ப்ளூ வெல்வெட்.

கடைசி இடத்துக்கு நான் சொல்வது வைல்ட் அட் ஹார்ட் (1990). பெர்டோலூச்சி தலைமையிலான நடுவர் குழு இதற்குத்தான் கானில் தங்கப் பனை என்ற முதல் பரிசைக் கொடுத்தது. நிக்கலஸ் கேஜும் லாரா டெர்னும் காதலர்களாக உற்சாகமாக நடித்திருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒருவன் தலையை மோதிக் கொல்லும் காட்சி, பாம்புத்தோல் ஜாக்கெட், எல்விஸ் பாட்டு, கடைசியில் வானிலிருந்து இறங்கும் நல்ல தேவதை என்று எல்லாமே உச்ச சத்தத்தில் ஓடுகிறது. இந்தக் காதலர்களுக்கு என்ன ஆனாலும் நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை என்ற பாதுகாப்பான தூரத்திலேயே உட்கார்ந்திருக்கிறோம். முழுச் சுதந்திரத்தோடு எடுத்த படத்தில் இது நடப்பதுதான் டியூனைவிட எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதற்குச் சாட்சி அந்தப் படத்துக்குள்ளேயே இருக்கிறது. இரவில், நெடுஞ்சாலை ஓரம், கவிழ்ந்த கார். தலையில் அடிபட்ட ஒரு பெண் (ஷெரிலின் ஃபென்) நடந்துகொண்டே தன் பையைத் தேடுகிறாள். பர்ஸ் தொலைந்துவிட்டது, அம்மா திட்டுவாள் என்று புலம்புகிறாள். தலைமுடியில் பிசுபிசுவென்று ஏதோ இருக்கிறது என்று தடவிப் பார்க்கிறாள், அது தன் ரத்தம் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு அந்தக் காதலர்கள் கண்முன்னே சாகிறாள். சில நிமிடம்தான். அந்தச் சில நிமிடத்தில் கேஜ், டெர்ன் இருவர் முகத்திலிருந்தும் விளையாட்டு வடிந்துவிடுகிறது. படம் முழுவதும் அப்படி இருந்திருந்தால் தங்கப் பனைக்கு நானும் கைதட்டியிருப்பேன்.

இன்லேண்ட் எம்பயரையும் கடைசியில் தள்ளுபவர்கள் நிறைய. மூன்று மணி நேரம், முழுத் திரைக்கதை இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக எழுதி எடுத்தது, சோனி பிடி-150 என்ற சாதாரண டிஜிட்டல் கேமராவின் மங்கலான படம், நடுவே முயல் தலையோடு ஒரு குடும்பம். நடுப்பகுதியில் நானும் திசை தெரியாமல் தவித்தேன். ஆனால் லாரா டெர்ன் குத்துப்பட்டு ஹாலிவுட் நடைபாதையில் விழுந்து கிடக்க, பக்கத்தில் படுத்திருக்கும் வீடற்றவர்கள் பொமோனாவுக்குப் பஸ் உண்டா இல்லையா என்று அவள் உடம்புக்கு மேலாகப் பேசிக்கொண்டிருப்பார்களே, அந்த இடத்துக்காகவே இதை ஏழாவது இடத்துக்குக் கீழே இறக்க மாட்டேன்.

மீதி மூன்று. "இதெல்லாம் லிஞ்ச் படமே இல்லை" என்று தி எலிஃபன்ட் மேனையும் (1980) தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரியையும் (1999) ஒதுக்குவது ரசிகர்களிடம் உள்ள கெட்ட பழக்கம். முன்னதைத் தயாரித்தவர் நகைச்சுவைப் படங்களுக்குப் பேர்போன மெல் புரூக்ஸ். ஜனங்கள் காமெடி என்று நினைத்துவிடுவார்கள் என்று அவர் தன் பெயரைப் போடவில்லை. எட்டு ஆஸ்கர் பரிந்துரை பெற்று ஒன்றும் வாங்கவில்லை. உடல் உருக்குலைந்த நாயகன் மெரிக்கை முதன்முதலில் பார்க்கும் மருத்துவரின் முகத்தைத்தான் லிஞ்ச் நமக்குக் காட்டுகிறார். கேமரா மெதுவாக நெருங்க, ஆந்தனி ஹாப்கின்ஸ் கண்ணிலிருந்து ஒரு துளி இறங்குகிறது. ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி டிஸ்னி வெளியிட்ட படம், ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்ற முதியவர் 1994இல் புல்வெட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டு, அயோவாவின் லாரன்ஸிலிருந்து விஸ்கான்சினின் மவுண்ட் சயானுக்குச் சுமார் 390 கிலோமீட்டர் போய், பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அண்ணனைப் பார்த்த உண்மைக் கதை. என் அளவுகோலில் இது நான்காவது, எலிஃபன்ட் மேன் ஆறாவது. எரேசர்ஹெட்டுக்கு எட்டாம் இடம் கொடுப்பது பலரைக் கோபப்படுத்தும். ஐந்து வருடம் பாடுபட்டு எடுத்த படம், ஒலி வடிவமைப்பாளர் ஆலன் ஸ்பிளெட்டோடு சேர்ந்து அவர் உருவாக்கிய அந்த இரைச்சல் இன்றுவரை எல்லோரும் கடன் வாங்குவது. எல்லாம் சரிதான். நாயகன் ஹென்றியின் பயம் எனக்குத் தெரிகிறது, ஹென்றியைத்தான் தெரியவில்லை. ஆக ஒன்பதில் டியூன், பத்தில் வைல்ட் அட் ஹார்ட்.

தரவரிசை வேறு, பார்க்க வேண்டிய வரிசை வேறு. லிஞ்சை ஒருமுறைகூடப் பார்க்காதவர் எரேசர்ஹெட்டில் தொடங்கினால், வருட வரிசைக்குச் சரி, ஆளுக்குச் சரிப்படாது. எலிஃபன்ட் மேனில் தொடங்குங்கள். கதை நேராகப் போகும், ஆனால் தொழிற்சாலைப் புகையும் அந்த அடிவயிற்றுச் சத்தமும் பழகிவிடும். அப்புறம் ப்ளூ வெல்வெட். அதில் உள்ள கொடுமை ஒத்துக்கொள்ளாது என்று தோன்றினால் அதை விட்டுவிட்டு ஸ்ட்ரெய்ட் ஸ்டோரிக்குப் போகலாம், நஷ்டமில்லை. மூன்றாவதாக மல்ஹாலண்ட் டிரைவ், விளக்கம் எதையும் படிக்காமல், இரவில், நல்ல ஸ்பீக்கரிலோ ஹெட்போனிலோ. ஒரு வாரத்துக்குள் இரண்டாம் முறை பார்த்துவிடுங்கள். முதல் தடவை சாதாரணமாகத் தெரிந்த பெட்டியின் சிரிப்பு இரண்டாம் தடவை வேறாக இருக்கும். அது உங்களைப் பிடித்துக்கொண்டால் ட்வின் பீக்ஸ் தொடர், உடனே ஃபயர் வாக் வித் மீ. சிறுவயதில் துன்புறுத்தலை அனுபவித்தவர்கள் இந்தப் படத்தைத் துணையில்லாமல் பார்க்க வேண்டாம். லாஸ்ட் ஹைவேயும் எரேசர்ஹெட்டும் அதற்குப் பிறகு எந்த வரிசையிலும் வரலாம்.

இன்லேண்ட் எம்பயரை 2022இல் லிஞ்சின் மேற்பார்வையில் மெருகேற்றி மறுபடி வெளியிட்டார்கள், கிடைத்தால் அந்தப் பிரதியையே தேடிப் பாருங்கள். மூன்று மணி நேரத்தையும் ஒரே மூச்சில் ஒதுக்க முடிகிற நாளுக்கு அதைத் தள்ளி வையுங்கள், துண்டு துண்டாகப் பார்த்தால் அது கையை விட்டு நழுவிவிடும்.